காருக்குள் மழைத்தண்ணீர் வருகிறதா? சிலிக்கான் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய காரைக் கொண்டுவருபவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கிறது, கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் சிலிக்கான் அடித்துவிடுங்கள்." பார்த்தால் ஏற்கெனவே யாரோ அடித்திருப்பார்கள், தண்ணீரும் வந்துகொண்டுதான் இருக்கும். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் அடைத்தால் வேறென்ன நடக்கும்?

தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறு. கூரையில் புகுந்தது கூரையைத் தாங்கும் தூணுக்குள் இறங்கி, வயரிங்கைப் பிடித்துக்கொண்டே வந்து முன் சீட்டின் கீழே நிற்கும். வண்டியைச் சரிவில் நிறுத்துவீர்களா என்று நான் முதலில் கேட்பது இதற்காகத்தான், மூக்கு மேலே தூக்கி நிற்கும்போது மட்டும் ஒழுகுகிற வண்டிகள் உண்டு.

அது மழைத்தண்ணீர்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வெயில் நாளில் ஏசி போட்டு ஓட்டிய பிறகு காலடி நனைந்திருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் பிசுபிசுவென்று, இனிப்பு வாசனையோடு, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமும் விட்டிருந்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்; அதன் சூட்டில் கேபினைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. இந்த இரண்டுக்கும் கதவோரத்து ரப்பர் பீடிங்கை மாற்றிப் பயனில்லை.

மழைத்தண்ணீர்தான் என்று தெரிந்துவிட்டால் வடிகால்களில் தொடங்குங்கள். போனட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கிரில்லைக் கழற்றிப் பாருங்கள். மரத்தடியில் நின்ற வண்டியென்றால் இலை மக்கிக் கருப்புச் சேறாகி, வடியும் துளையை மூடியிருக்கும். தண்ணீர் அங்கே ஏறி நின்று, ஏசிக்குக் காற்று இழுக்கும் வழியாக நேராக உள்ளே இறங்கும். கையால் அள்ளிப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது, பல வண்டிகளுக்கு இதற்கு மேல் வேலையே இருக்காது. சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்களையும் பாருங்கள். அவற்றில் கம்ப்ரசர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள், உள்ளே இணைப்பு கழன்றுவிட்டால் கூரைத் துணியை இறக்க வேண்டியிருக்கும். தடித்த நைலான் நரம்பை மெதுவாக விட்டாலே அடைப்பு போகும்.

கதவு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஜன்னல் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அது புதுக் காரிலும் அப்படித்தான். இறங்கியது கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியே போக வேண்டும், கேபின் பக்கம் வராமல் தடுக்க டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாட்டும்போது அந்த ஷீட்டைக் கிழித்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்னும் மோசம், அடியில் சொட்டுகிறதே என்று அந்தத் துளைகளையே பேஸ்ட் வைத்து அடைப்பது. அப்புறம் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

வடிகாலெல்லாம் சரி, இன்னும் ஒழுகுகிறது என்றால் ஓஸ் சோதனைதான். உள்ளே ஈரத்தைத் துடைத்து, கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், வெளியே இருப்பவர் குறைந்த அழுத்தத்தில் கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிதானமாகத் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது காரணம் என்றே தெரியாது. சந்தேகமான ஓரங்களில் டால்கம் பவுடர் தூவி வைத்தால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். டிக்கியில் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்றால் டெயில் லைட் கேஸ்கெட்டையும் ஏரியல் அடியையும் விடாமல் பாருங்கள். பீடிங்கைச் சோதிக்க ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள், பிடிப்பே இல்லாமல் வந்தால் அங்கே அழுத்தம் போதவில்லை.

சிலிக்கான் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அமிலத்தை வெளிவிட்டு, பெயின்ட் போன இடத்தில் துருவைத் தூண்டும். அதன் மிச்சத்தின் மேல் பெயின்டும் பிடிக்காது, பிறகு கண்ணாடி ஒட்டும் யூரித்தேனும் சரியாகப் பிடிக்காது. கண்ணாடி ஓரம்தான் ஒழுகுகிறது என்றால் கண்ணாடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, யூரித்தேன் போட்டுத் திரும்ப ஒட்டுவதுதான் முறை. மோதலின்போது கூரைக்கு வலு தருவதில் அந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு, அதனால் இதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒழுக்கு நின்றதும் கால் மேட்டை வெயிலில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கார்ப்பெட்டின் அடியில் தடித்த ஃபோம் இருக்கிறது, மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அழுத்தினால் தண்ணீர் வரும். அந்த ஈரத்தில்தான் தரைத்தகடு துருவேறும், சீட்டுக்கு அடியில் ஓடும் கனெக்டர் முனைகளில் பச்சை பூக்கும், சம்பந்தமே இல்லாமல் ஏர்பேக் விளக்கு எரியும். அந்த ஏர்பேக் கனெக்டர்களை நீங்களே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டாம். சீட்டைத் தெரிந்தவரை வைத்துக் கழற்றி, கார்ப்பெட்டை முழுதாக வெளியே எடுத்து உலர்த்துங்கள், அது காய்வதற்குள் ஒரு மழை வந்தால் இன்னும் நல்லது, தரைத்தகட்டில் சொட்டு விழுகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.