ஓநாய் தின்றது சரி, கொன்றது யார்?

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் பக்கம், பருவமழை தொடங்கி மூன்றாவது வாரம். விடியற்காலையில் போன். தன்கர் இடையர் ஒருவர், என் அப்பா வயது இருக்கும். "டாக்டர் சாஹேப், லாண்ட்கா வந்துட்டான். மூணு குட்டி போச்சு" என்றார் மராத்தியில். லாண்ட்கா என்றால் ஓநாய். "எதையும் தொடாதீங்க காகா, வர்றேன்" என்று கிளம்பினேன்.

முந்தின நாள் சாயங்காலம் மந்தையை விட்டுப் பின்தங்கிய மூன்று குட்டிகள், ஓடைக்கரையில் வயிறு கிழிந்து கிடந்தன. ஈர மண்ணில் ஓநாயின் காலடி. யார் பார்த்தாலும் சந்தேகமே வராது.

உட்கார்ந்து முதல் குட்டியின் கழுத்துத் தோலை உரித்தேன். உயிரோடு இருக்கும்போது கடிபட்டால் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டி, சதை கருஞ்சிவப்பாகக் கன்றிப் போயிருக்கும். செத்த பிறகு கடித்தால் பல் பட்ட ஓட்டை மட்டும் இருக்கும், இரத்தக்கட்டு இருக்காது. தொண்டை, தொடை, விலா என்று மூன்றையும் உரித்துப் பார்த்தாகிவிட்டது. எங்கும் கன்றல் இல்லை. ஒன்றில் மட்டும் சிறுநீரகம் மிச்சமிருந்தது. விரலால் அழுத்தியதும் கூழாக நசுங்கியது. இதயத்தைச் சுற்றிய உறையில் வைக்கோல் நிறத்தில் நீர்.

துள்ளுமாரி. கோடை முழுக்கக் காய்ந்த சருகைக் கடித்த ஆடு, முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லைக் கண்டால் விடாமல் மேயும். குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி திடீரெனப் பெருகி நஞ்சைக் கக்கும். சில மணி நேரத்தில் ஆடு துள்ளி விழுந்து செத்துவிடும், அதிலும் மந்தையில் கொழுத்த குட்டிதான் முதலில் போகும். இரவில் அந்தப் பக்கம் வந்த ஓநாய், கிடைத்ததைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

இதைச் சொன்னதும் பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. ஓநாய் அடித்ததென்றால் வனத்துறை இழப்பீடு தரும். நோயில் செத்தால் ஒரு பைசா வராது. "லாண்ட்கான்னே எழுதிடுங்களேன் சாஹேப்" என்றார். நான் எழுதவில்லை. அவருக்கு என்மேல் கோபம், நியாயமான கோபம்தான். ஆனால் ஓநாய் என்று எழுதியிருந்தால் அவர் பட்டியைச் சுற்றிக் கட்டும் வலையைப் பலப்படுத்திக்கொண்டு, அதே புல்லில் மறுநாளும் மேய்த்திருப்பார். அன்றைக்கே மந்தையை இளம்புல்லிலிருந்து மேட்டுநிலத்துக்கு ஓட்டச் சொல்லிவிட்டு, மீதி ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டேன். அந்த ஊசியை மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், ஆட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'நாய்க்கடி' என்று எழுதி இழப்பீட்டு மனுவை மூடிவிடுவார்கள். நாய்க்கடியும் ஓநாய்க்கடியும் பெரும்பாலும் பிரித்தறியக் கூடியவைதான். தெருநாய்கள் விளையாட்டாகத் துரத்திக் காது, பின்தொடை, வால் என்று கண்ட இடத்தில் கடித்து வைக்கும். பல ஆடு காயத்தோடு நிற்கும், தின்றது கொஞ்சமாக இருக்கும். ஓநாய் பொதுவாகத் தொண்டையைப் பிடிக்கும், பசிக்குத் தின்னும், சின்னக் குட்டியென்றால் தூக்கிக்கொண்டு போய்விடும். பட்டிக்குள் மாட்டிக்கொண்ட ஆடுகள் மிரண்டு ஓடினால் ஓநாயும் தேவைக்கு மேல் கொல்லும் என்பதால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. உரித்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஓநாய் அமெரிக்கப் படங்களில் வருவதுபோல் பெரிதில்லை. இருபது கிலோ இருக்கும். 2022-இல் எண்ணியபோது நாட்டில் புலி 3,682; ஓநாய் ஏறக்குறைய 3,100 என்கிறது ஒரு மதிப்பீடு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இதற்கும் உண்டு. ஆனால் அது வாழும் புல்வெளி அரசுப் பதிவேட்டில் 'தரிசு'. மானும் முயலும் குறைந்த அந்தத் தரிசில் அது ஆட்டைத் தேடி வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இரவுக் காவல் பற்றி இடையர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. வலை கட்டுவதும் குட்டிகளைக் கூடையால் மூடுவதும் அவர்களிடம் நான் கற்றவை. காட்டுப்பன்றிக்கு நம் ஊரில் பழைய சேலை கட்டுவார்களே, அதுபோல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பட்டியைச் சுற்றிக் கயிற்றில் சிவப்புத் துணி தொங்கவிடுகிறார்கள். ஓநாய் அதைத் தாண்டத் தயங்கும். ஆனால் சில வாரத்தில் பழகிவிடும், எனவே குட்டி ஈனும் காலத்துக்கு மட்டும் கட்டுவது புத்திசாலித்தனம்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு. செத்த ஆட்டை ஓடையில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். வீசிய ஆடும் கோழிப்பண்ணைக் கழிவும்தான் ஓநாயையும் நாய்க்கூட்டத்தையும் மந்தைப் பக்கம் பழக்குகின்றன. அதில் பூச்சிமருந்து தடவி வைக்கிறவர்களும் உண்டு. அது குற்றம், பெரும்பாலும் முதலில் சாவது அவர்களின் சொந்தக் காவல்நாய். அப்புறம், அந்தக் காவல்நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. பட்டப்பகலில் தனியாக வந்து, விரட்டினாலும் போகாமல், எதிர்ப்பட்டவரையெல்லாம் கடிக்கிற ஓநாய்க்கு வெறிநோய் இருக்கலாம். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. மஞ்சள்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

அந்தப் பெரியவர் ஐந்து மாதம் கழித்துக் கூப்பிட்டார். வலையோரம் ஒரு குட்டி, தொண்டையில் கடி. வனக்காவலர் வரும்வரை யாரும் தொடக் கூடாதென்று தன் கருப்புக் கம்பளியால் மூடிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கழுத்தை உரித்ததும் என்னைவிட முன்னால் குனிந்து பார்த்தார். கன்னங்கரேலென்று இரத்தம் கட்டியிருந்தது.

"இப்ப எழுதுங்க" என்றார்.