நின்ற பம்பும் நிற்காத பம்பும்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வீட்டு ஹோலில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். போன சோளகக் காலத்தில் ஒருநாள் விடியவே போன் எடுத்தார். "தம்பி, நான் விலை கூடினதைத்தானே வாங்கினனான். உது ஏன் உறுமிக்கொண்டு மட்டும் நிக்குது?"

'உது' என்று அவர் சொன்னது, ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதிலாக, பக்கத்தில் வைத்த கானிலிருந்து நன்னீரை எடுத்துத் தானாகவே நிரப்பும் அமைப்பின் பம்பை. ஒட்டோ ரொப்-அப் என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். போய்க் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சுழல வேண்டிய காந்தத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து இறுகிக் கிடந்தது. "மாஸ்ரர், கானுக்குள்ள என்ன தண்ணி விட்டனீங்கள்?" என்று கேட்டேன். ஆர்.ஓ. தண்ணீர், அதாவது உப்பும் சுண்ணாம்பும் நீக்கி வடித்த தண்ணீர், முடிந்துபோன நாட்களிலெல்லாம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நம் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படிவது எதுவோ, அதுதான் பம்பிலும் படிந்திருந்தது. அரை மணித்தியாலம் வினாகிரிக்குள் ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்ததும் ஓடத் தொடங்கியது. விலை கூடின பம்பில் ஒரு பிழையும் இல்லை.

மீன்தொட்டி அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். எந்தப் பம்ப் நல்லது என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பெயர் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு: பழுதாகும்போது அது நின்றுபோகுமா, நிற்காமல் ஓடுமா? நின்றுபோனால் கவனிக்க உங்களுக்கு ஓரிரு நாள் கிடைக்கும். வேகமான பம்ப் நிற்காமல் ஓடினால் பத்து நிமிடமும் கிடைக்காது.

முதலில், இந்த நிரப்பல் ஏன் தேவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனையிறவு உப்பளத்தில் நடப்பதுதான் உங்கள் தொட்டியிலும் நடக்கிறது. தண்ணீர் போகிறது, உப்பு நிற்கிறது. 200 லீற்றர் கடல்நீரில், லீற்றருக்கு 35 கிராம் என்ற கணக்கில், ஏழு கிலோ உப்பு இருக்கும். நாளொன்றுக்கு 4 லீற்றர் ஆவியானால் ஐந்து நாளில் மிஞ்சுவது 180 லீற்றர். அந்த ஏழு கிலோ அப்படியே இருக்கும். உப்பு ஏறத்தாழ 39 கிராமுக்கு ஏறிவிடும். பவளங்களுக்கும் இறாலுக்கும் இது நல்லதல்ல. ஆகவே குறைந்த தண்ணீரை நன்னீரால் நிரப்ப வேண்டும். 'கடல்மீன்தானே' என்று கடல்நீரையே விட்டு நிரப்பிய ஒரு வீட்டையும் நான் கண்டிருக்கிறேன்.

அந்த நன்னீர் ஆர்.ஓ. தண்ணீராக இருப்பதே பாதுகாப்பு. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டக் காணிகளை அண்டிய நம் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. ஆவியாகும் தண்ணீரோடு நைத்திரேற்றும் சுண்ணாம்பும் போகாது. நீங்கள் நிரப்ப நிரப்ப அவை சேர்ந்துகொண்டே இருக்கும். நன்னீர்த் தொட்டிக்காரருக்கும் இது பொருந்தும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் விழும் வெள்ளைக் கோடு அந்தக் கணக்கைத்தான் காட்டுகிறது.

பம்ப் வாங்கப் போகுமுன் உங்கள் தொட்டி ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறது என்று அளவுங்கள். கீழ்த்தொட்டி இல்லையென்றால் கண்ணாடியில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, 24 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். 90 சென்ரிமீற்றர் நீளமும் 45 அகலமும் உள்ள தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் போனது நாலு லீற்றர். சம்ப் என்று நாங்கள் சொல்லும் கீழ்த்தொட்டி இருந்தால் மேல்தொட்டியில் மட்டம் மாறவே மாறாது. குறைவதெல்லாம் சம்பில், தண்ணீரை மேல்தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பெரிய பம்ப் இருக்கும் அறையில்தான். அந்த அறை 30க்கு 20 சென்ரிமீற்றர் என்றால் அதே நாலு லீற்றருக்கு ஆறரைச் சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கும். ஓரிரு நாள் மறந்தால் பெரிய பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும். சோளகம் வீசும்போது, யன்னல் திறந்திருக்க, சூட்டைக் குறைக்கத் தொட்டிக்கு மேல் சின்ன ஃபான் ஒன்றும் பூட்டியிருந்தால், மாரியில் அளந்த கணக்கு உதவாது. எந்தக் காலத்தில் கூடுதலாகக் குறைகிறதோ அந்தக் காலத்தில் அளவுங்கள்.

இப்போது என் வீட்டுக் கதை. சில வருடங்களுக்கு முன், மணிக்கு 800 லீற்றர் தள்ளும் பம்ப் ஒன்று வேறு வேலைக்கு வாங்கி மிச்சமாகக் கிடந்தது. 60 லீற்றர் பரல் ஒன்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்து, சம்பில் மட்டம் இறங்கினால் பம்பை ஓடவிட்டு ஏறினால் நிறுத்தும் மிதவைச் சுவிச் ஒன்றைப் பூட்டி, கைலாகு கொடுத்துக்கொள்ளாத குறையாகப் படுக்கப் போனேன். இரவில் நத்தை ஒன்று மிதவையின் மேல் ஏறிக் குந்திவிட்டது. மிதவை எழும்பவில்லை. சுவிச்சைப் பொறுத்தவரை தொட்டி வற்றிக் கிடக்கிறது. பம்ப் தன் கடமையைச் செய்தது. "இஞ்ச வந்து பாருங்கோ, ஹோல் முழுக்கத் தண்ணி" என்று மனைவி எழுப்பியபோது பரல் காலி. சம்பில் அதிகப்படியாக 25 லீற்றருக்குத்தான் இடமிருந்தது. மிச்சமெல்லாம் தொட்டி உப்பையும் அள்ளிக்கொண்டு நிலத்தில். உப்பு 35இலிருந்து 27க்கு இறங்கியிருந்தது. மீன்கள் தப்பின, இறால்கள் தப்பவில்லை.

அந்தப் பம்ப் இன்றும் நன்றாக ஓடுகிறது. நம்பகமான பம்ப்தான். வேலைக்குப் பொருந்தாத பம்ப், அவ்வளவுதான்.

நாளுக்கு நாலு லீற்றர் குறையும் தொட்டிக்கு மணிக்கு 20 முதல் 60 லீற்றர் தரும் பம்ப் தாராளம். இதைச் சொன்னால் கடைக்காரர் சிரிக்கலாம், ஏனென்றால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் எல்லாம் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால் அந்த எண் தண்ணீரை மேலே ஏற்றாமல் ஓடவிட்டு அளந்தது. பக்கத்தில் 'உயரம் 0.6 மீற்றர்' என்று போட்டிருந்தால், 60 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். தரையில் கான், மேசையில் தொட்டி என்றால் அதை வாங்கிப் பயனில்லை. நீங்கள் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரத்தைப் போல இரண்டு மடங்கு எழுதியிருப்பதை எடுங்கள். ஓட்டம் கூடிப்போனால் குழாயில் ஒரு சின்னத் திருகு வால்வு போட்டுக் குறைக்கலாம். இந்தக் காந்தப் பம்புகளுக்கு வெளியேறும் பக்கம் நெருக்குவதால் கேடில்லை.

230 வோல்ற்றில் நேரே ஓடும் சின்ன மூழ்குபம்புதான் யாழ்ப்பாணத்தில் மலிவாகக் கிடைக்கிறது. நாள் முழுக்க ஓடவிட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். ரொப்-அப்பில் அப்படி ஓடுவதில்லை. ஒரு நாளைக்குப் பல தடவை ஒரு நிமிடம் ஓடி நிற்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் உள்ளேயுள்ள காந்தம் இப்படியும் அப்படியும் அசைந்துதான் ஒரு பக்கம் சுழலத் தொடங்கும். கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு மணல், ஒரு மயிர் போதும், அசைந்துகொண்டே நின்றுவிடும். உறுமல் கேட்கும், தண்ணீர் வராது, சுருள் சூடாகிக்கொண்டிருக்கும். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் நின்றபோது எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை இதுதான்.

12 வோல்ற்று டி.சி. பம்ப் இதைவிட எனக்குப் பிடிக்கும். தண்ணீருக்குள் கிடப்பது குறைந்த வோல்ற்று. சின்ன பற்றரி ஒன்றில் கரண்ட் இல்லாத நேரமும் ஓடும். நான் கண்டவரை இதில் முதலில் சாவது அடப்டர்தான், பம்ப் அல்ல. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: பிளக்கைக் கழற்றித் திரும்பப் போட்டதும் தானாக ஓடுகிறதா? சிலவற்றில் பொத்தானை அமத்தினால்தான் திரும்ப ஓடும். நீங்கள் கொழும்புக்குப் போயிருக்கும்போது பொத்தானை யார் அமத்துவது?

நாளுக்கு ஐந்து லீற்றருக்குள் குறையும் தொட்டிகளுக்கு நான் இப்போது பூட்டுவது பெரிஸ்ரல்ரிக் பம்ப். உருளைகள் ஒரு மென்மையான ரியூப்பை நசுக்கி நசுக்கித் தண்ணீரைத் தள்ளும். நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் என்றால் மணிக்கு மூன்று லீற்றர்தான். ஆமை வேகம். அதுதான் அதன் அழகு. சுவிச் ஒட்டிக்கொண்டு நிற்காமல் ஓடினாலும் 20 லீற்றர் கான் காலியாக ஆறரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கான் வற்றி வெறுமனே ஓடினாலும் எரியாது. மூழ்குபம்புக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெயும் குளிர்ச்சியும், வற்றினால் தேய்ந்து போகும். பெரிஸ்ரல்ரிக்கின் பலவீனம் அந்த ரியூப். நசுங்கி நசுங்கி ஒருநாள் வெடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை, வெடிக்குமுன்பே மாற்றிவிடுங்கள். பவளங்களுக்குக் கல்சியம் கொடுக்கக் கல்க் கரைசல் கலந்து விடுபவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்தச் சுண்ணாம்பு நீரின் பி.எச். 12ஐத் தாண்டும். வேகமான பம்ப் ஒன்று அதை ஒரேயடியாகக் கொட்டினால் காலையில் தொட்டியில் உயிர் இருக்காது.

உள்ளே ஒரு றப்பர் தோல் முன்னும் பின்னும் அசைந்து தள்ளும் டயபிரம் பம்ப் சத்தம், படுக்கை அறைக்கு வேண்டாம். பம்பே இல்லாமல் ஆர்.ஓ. குழாயை நேரே மிதவை வால்வுக்குப் பூட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குழாயின் மறுமுனையில் இருப்பது வீட்டுத் தாங்கி முழுவதும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சைபன் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பல 'பம்ப் பழுது' முறைப்பாடுகள் உண்மையில் இதுதான். கானின் தண்ணீர் மட்டம் குழாய் முனையைவிட உயரத்தில் இருந்தால், சாதாரணப் பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் அதனூடாக ஓடிக்கொண்டே இருக்கும். முனை சம்பின் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்து, கான் பதிவில் இருந்தால் எதிர்ப்பக்கம் நடக்கும். கடல்நீர் கானுக்குள் வரும், மட்டம் குறையும், பம்ப் திரும்ப ஓடும், இப்படியே. கானைச் சம்பைவிடப் பதிவில் வையுங்கள், முனையைத் தண்ணீருக்கு மேல் காற்றில் நிற்கும்படி பூட்டுங்கள். சரி, ரியூப் நல்ல நிலையில் உள்ள பெரிஸ்ரல்ரிக்கில் உருளை அமத்திப் பிடித்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கானின் அளவையும் பம்போடு சேர்த்தே தீர்மானியுங்கள். சம்பில் எவ்வளவு அதிகப்படி இடம் இருக்கிறதோ அதற்கு மேல் கானில் தண்ணீர் வைக்க வேண்டாம். இரண்டு கிழமை ஊரில் இல்லையென்றால் பெரிய பரல் வைப்பதைவிட, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் திறப்பைக் கொடுத்து ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 லீற்றர் கானை நிரப்பச் சொல்வது நல்லது. மிதவைச் சுவிச் ஒன்றுக்கு மேலே, சற்று உயரத்தில் இன்னொன்றைத் தொடராகப் பூட்டுங்கள். முதலாவது ஒட்டினாலும் இரண்டாவது வெட்டும். இரண்டுக்கும் நத்தை ஏறாதபடி ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் உறை ஒன்று. 230 வோல்ற்றுப் பம்பை அந்தச் சின்ன மிதவைச் சுவிச்சினூடாக நேரே ஓட்டாதீர்கள். அதன் தொடுமுனைகள் ஒட்டிப்போகும், உப்புத் தண்ணீருக்குள் வயரும் இருக்கும். இடையில் ரிலே, அதாவது சின்ன மின்னோட்டத்தால் பெரியதைப் போட்டு நிறுத்தும் சுவிச், வேண்டும், வீட்டில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் வேலை செய்ய வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்த்து எவ்வளவு காலம்?

புதுப் பம்பை நான் உடனே பூட்டுவதில்லை. வாளியில் போட்டு, தொட்டிக்கு உரிய உயரத்துக்குக் குழாயைப் பிடித்து, ஒரு லீற்றர் சோடாப் போத்தல் நிரம்ப எத்தனை செக்கன் என்று பார்ப்பேன். ஒரு நிமிடம் என்றால் மணிக்கு 60 லீற்றர். அப்புறம் பிளக்கை ஐம்பது தடவை போட்டுப் போட்டுக் கழற்றுவேன். ஒருமுறை தயங்கினாலும் கடைக்குத் திரும்பிவிடும். அந்தச் செக்கன் கணக்கைக் கானின் மேல் மார்க்கரால் எழுதிவைப்பேன். மாஸ்ரர் வீட்டுக் கானில் 55 என்று இருக்கிறது. மாதம் பிறந்ததும் அவரே போத்தலும் கைக்கடிகாரமுமாகக் குந்தி அளக்கிறார். போன மாதம் 70 வந்ததாம். எனக்குப் போன் எடுக்கவில்லை, நேரே குசினிக்குப் போய் வினாகிரிப் போத்தலை எடுத்திருக்கிறார்.