முகிற் கணிமை: ‘கிளவுட்’ என்ற சொல்லும் கடைக் கணக்கும்

கிளவுட் என்றால், நம் கோப்புகளையும் கணக்குகளையும் வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் வைத்து இணையம் வழியே எடுத்தாளுவது. சிறிய அளவுக்கு இலவசம், அதற்கு மேல் வாடகை. தமிழில் முகிற் கணிமை, மேகக்கணிமை இரண்டும் வழங்குகின்றன.

பெயர் வந்தது வரைபடத்திலிருந்து. தொலைபேசி வலையமைப்பை வரைந்த பொறியியலாளர்கள், தங்கள் கணினிக்கும் எதிர்முனைக் கணினிக்கும் நடுவே உள்ள, விவரிக்கத் தேவையில்லாத பகுதியை ஒரு முகில் வடிவத்துக்குள் அடைத்தார்கள். இணையம் வந்தபோது அதே வடிவம் இணையத்துக்குக் குறியானது. 1996 இல் கொம்பாக் நிறுவனத்தின் உள் ஆவணமொன்றில் ‘கிளவுட் கம்பியூட்டிங்’ என்ற தொடர் காணப்படுகிறது. ஊரெங்கும் பரவியது 2006 இல்: மார்ச்சில் அமேசன் தன் சேமிப்புச் சேவையைத் திறந்தது, ஓகஸ்டில் கூகுளின் எரிக் ஷ்மிட் ஒரு மாநாட்டில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். 2011 செப்டெம்பரில் அமெரிக்கத் தர நிறுவனம் 5 இயல்புகள், 3 சேவை வகைகள், 4 அமைப்பு வகைகள் என்று வரையறை எழுதியது. கடைக்காரருக்கு அந்த மூன்று சேவைகளில் ஒன்றுதான் தேவை: ஆயத்தமாய்க் கிடைக்கும் மென்பொருள். மற்ற இரண்டும் மென்பொருள் எழுதுகிறவர்களின் பாடு.

ஆங்கிலச் சொல்லின் வேர் ‘பாறை, குன்று’ என்ற பொருளுடைய பழஞ்சொல். குன்றுபோலத் திரண்டு நின்றதால் முகிலுக்கு ஆகிவந்தது. தமிழில் முகில், கொண்டல், எழிலி, மஞ்சு என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. மேகம் வடமொழி வழி வந்தது. தமிழகத்தில் மேகக்கணிமை வேரூன்றிவிட்டது, அதில் பிழையொன்றுமில்லை. ஆனால் திருகோணமலையில் கடற்கரையில் நின்று மேலே பார்க்கிறவர் ‘முகில் மூடியிருக்கு’ என்பார். எனவே இங்கே முகிற் கணிமைதான் நாவுக்கு ஒட்டும். வல்லினம் வரும்போது லகரம் றகரமாகும்: முகிற் கணிமை, முகிற் சேமிப்பு. ‘முகில் கணிமை’ என்று பிரித்து எழுதுவது பிழை. ‘முகில்க் கணிமை’ அதைவிடப் பெரிய பிழை.

சொல் வானத்தைக் காட்டினாலும் சங்கதி தரையிலும் கடலடியிலுந்தான். தரவு மும்பை, சிங்கப்பூர் போன்ற இடங்களில் உள்ள கணினிக் கட்டடங்களில் இருக்கும். கொழும்பு, கல்கிசை, மாத்தறைக் கரைகளில் ஏறும் கடலடி வடங்கள் வழியாக வந்துபோகும். ஆகவே கடையில் கரண்ட் போனால் தரவு அழியாது, நாம்தான் அதை எட்ட மாட்டோம். இதற்கு மலிவான வழி ரௌட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ரௌட்டரை ஓட்டும் சிறு மின்கலப் பெட்டி. ரௌட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் (பெரும்பாலும் 12) ஆம்பியரும் பார்த்து வாங்க வேண்டும். ஆம்பியர் குறைந்ததை வாங்கினால் ரௌட்டர் அணைந்து அணைந்து எரியும். பழி இணைய இணைப்பின் மேல் விழும்.

இனி, ‘கிளவுட்டில் இருக்கு’ என்ற பேச்சு மூன்று வேறு விடயங்களைக் கலந்துவிடுகிறது. சேமிப்பு ஒன்று. ஒத்திசைவு இன்னொன்று: போனில் மாற்றியது கணினியிலும் மாறும், போனில் அழித்தது கணினியிலும் அழியும். காப்புப்படி மூன்றாவது: மூலம் கெட்டாலும் கெடாத தனிப் பிரதி. ஒத்திசைவைக் காப்புப்படி என்று நம்பித்தான் பலர் கணக்கை இழக்கிறார்கள். கூகுள் ட்ரைவில் (கூகுளின் முகிற் சேமிப்பில்) அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. கருவாட்டுக் கடையில் வேலை செய்யும் தம்பி, தன் போனில் இடம் காணாதென்று கடைக் கணக்கின் ட்ரைவில் உள்ள கோப்பை அழித்தால், முதலாளியின் போனிலும் அது மறையும்.

தொடங்குவதற்குச் செலவில்லை. கூகுள் கணக்கு 15 ஜிபி வரை இலவசம். வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம், அதன் பொருட்பட்டியலில் 500 பொருள் வரை போடலாம். இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு, அது பலர் கண்ணில் படுவதில்லை: அண்ட்ரொய்ட் போனில் வட்ஸ்அப் காப்புப்படி அந்த 15 ஜிபிக்குள்தான் எண்ணப்படும். வாடிக்கையாளர் அனுப்பிய வீடியோக்கள் சேர்ந்து நிரம்பினால் மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும். காப்புப்படி அமைப்பில் வீடியோவை நீக்கி வையுங்கள்.

கணக்கைக் கடையின் பெயரில் திறக்க வேண்டும், வேலைக்கு வந்தவரின் சொந்த முகவரியில் அல்ல. கோப்பின் உரிமை அதைத் தொடங்கிய முகவரிக்கே. அவர் கணக்கை மூடினால் கோப்பும் போகும். இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்பதை) போட்ட பிறகு 10 காப்புக் குறியெண்களை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றைக் கடதாசியில் அச்சிட்டு லாச்சிக்குள் பூட்டி வையுங்கள். சிம் தொலைந்த அன்று அவை கைகொடுக்கும்.

கணக்குக் கொப்பிக்குப் பதிலாக கூகுள் ஷீட்ஸ் என்ற இணைய அட்டவணை போதும். திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், பொருள், அளவு, விலை, தொகை, காசா கடனா, எழுதியவர் என்று 8 நிரல்கள். நாளுக்கு 60 வரி எழுதினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,75,000 கட்டங்கள். ஒரு கோப்பின் எல்லை 1 கோடி. எல்லை தூரத்தில் இருந்தாலும் கோப்பு அதற்கு வெகு முன்பே மந்தமாகும். ஆண்டுக்கொரு கோப்பு நல்லது.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். முதலாவது பெயர். ஒருவர் ‘நெத்தலி’, மற்றவர் ‘நெத்திலி’, இன்னொருவர் ‘நெத்தலிக் கருவாடு’ என்று எழுதினால் ஷீட்ஸுக்கு அவை மூன்று பொருள். மாத முடிவில் கிலோ கணக்கு பிசகும். பொருள் நிரலில் தெரிவுப் பட்டியல் வைத்து, அதில் உள்ளதை மட்டும் தொட்டு எடுக்கச் செய்தால் தீரும். இரண்டாவது திகதி. கோப்பு அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/05 என்பது மே 3 ஆகாமல் மார்ச் 5 ஆகிவிடும். 25/07 என்று எழுதினால் 25 ஆம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக எடுத்துக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டும். உண்மையான திகதி வலப்பக்கம் நிற்கும். ஒரே நிரலில் சில இடமும் சில வலமுமாய்த் தெரிந்தால் இதுதான் காரணம். முதல் வரி எழுதுமுன் கோப்பின் செட்டிங்ஸில் லொக்கேலை (எந்த நாட்டு முறையில் திகதி எழுதுவது என்பதை) ஐக்கிய இராச்சியமாகவும் நேர வலயத்தைக் கொழும்பாகவும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய விலைப்பட்டியல் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஏற்றக்கூடாது. ஷீட்ஸில் அது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதை யூனிகோட்டுக்கு, அதாவது இன்றைய பொது எழுத்துக்குறியாக்கத்துக்கு, மாற்றும் கருவியில் இட்டு எடுத்த பிறகே ஒட்ட வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரரின் தலையிடி வேறு. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் ஒரே அறையை இரண்டு முன்பதிவு இணையத்தளங்களில் விற்பார்கள். அத்தளங்களின் நாட்காட்டிகளை ஐகேல் இணைப்பால் (ஒரு நாட்காட்டியை மற்றது வாசிக்கச் செய்யும் முகவரியால்) கோத்துவிட்டால் இரட்டைப் பதிவு வராது என்று நினைப்பு. அந்த இணைப்பு உடனுக்குடன் ஓடுவதில்லை, ஒரு தளம் மற்றதைப் பார்க்கச் சில மணி நேரம் பிந்தலாம். அந்த இடைவெளியில்தான் ஒரே இரவுக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும். 3, 4 அறைதான் என்றால், பதிவு வந்த கையோடு மற்றத் தளத்தில் கையால் அடைப்பதே நிச்சயம். அறை பெருகினால் காசு கட்டிப் பெறும் அறைப்பதிவு மென்பொருள் வாங்கலாம். ஆனால் கட்டணம் பெரும்பாலும் டொலரில், ரூபாய் சரிந்தால் பில் ஏறும். ஆண்டுக் கட்டணத்துக்குத் தள்ளுபடி காட்டினாலும் முதல் பருவத்துக்கு மாதக் கட்டணமே புத்தி.

விருந்தினரின் கடவுச்சீட்டுப் படத்தை ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற பகிர்வில் விடாதீர்கள். பெயர் குறித்த முகவரிகளுக்கு மட்டும் பகிருங்கள். தனிப்பட்ட தரவுகளுக்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் இருக்கிறது.

மாதம் ஒரு முறை கோப்பைத் தரவிறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். எக்ஸெல் வடிவில் இறக்கினால் தமிழ் அப்படியே இருக்கும். சிஎஸ்வி வடிவில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) இறக்கி இருமுறை தட்டித் திறந்தால் எக்ஸெல் தமிழைச் சிதைத்துக் காட்டக்கூடும், கோப்பு கெடவில்லை. எக்ஸெலின் தரவு மெனு வழியாக இறக்குமதி செய்து, எழுத்துக்குறியாக்கமாக யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவத்தைத் தெரிவுசெய்தால் எழுத்துகள் சரியாக வரும்.