ஜோடி ஏஸ் வந்தும் ஏன் தோற்கிறோம்?

"கையில ரெண்டு ஏஸ் சேர். அதுக்கு மேல சீட்டே கெடையாது. அவனுக்கு ஆடவே தெரியாது. எப்படி சேர் நான் தோத்தேன்?"

ஹட்டன் பக்கத்தில் உளவளத்துணை வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியை வெவ்வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டவருக்கு வயது இருபத்து நாலு. அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்தபோது ஹோல்டெம் போக்கர் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு) பழகியவர், தோட்டத்துக்குத் திரும்பியதும் கூட்டாளிமாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். ஆறு பேர். ஆட்டம் தொடங்க இருவர் கட்டாயமாக வைக்கும் பணம் பத்து ரூபாயும் இருபது ரூபாயும். "சில்லறைக்குத்தான் சேர்" என்றார்.

நடந்ததை அப்படியே அடுக்கிக் காட்டச் சொன்னேன். கடதாசியைக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு சீட்டை எழுதி மேசையில் வைத்தார். இவர் அறுபது ஏற்றியிருக்கிறார். ஐந்து பேரும் அறுபது போட்டார்கள். நடுவில் 360. திறந்த மூன்று சீட்டு: ஜேக், ஒன்பது, நாலு. இவர் 150. மூவர் சீட்டை வீசிவிட, இருவர் கூட வந்தார்கள். நாலாவது சீட்டு ரெண்டு. இவர் 300. அதுவரை வாயைத் திறக்காமல் கூடவே போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன்னிடம் மிச்சமிருந்த 1200ஐயும் முன்னால் தள்ளினார். மற்றவர் விலகிவிட்டார். இவர் யோசிக்காமல் அந்தத் தொகையை ஈடு செய்தார். கடைசிச் சீட்டு அஞ்சு. எதிராளி காட்டியது ஜேக்கும் ஒன்பதும். நடுவில் கிடந்தவற்றோடு சேர்த்து அவருக்கு இரண்டு ஜோடி, இவருக்கு ஏஸ் ஜோடி ஒன்றுதான்.

"அந்தக் குப்பைய வச்சுக்கிட்டு எவனாச்சும் அறுபது ரூபா போடுவானா சேர்?"

போடுவான். நம் லயங்களில் வளர்ந்த கை அது. நாமெல்லாம் முதலில் பழகியது 304 என்ற சீட்டாட்டம். அதில் ஜேக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு வெறும் 11. அந்த ஆட்டத்தில் ஊறிய கண்ணுக்கு ஜேக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் அது குப்பையாகத் தெரியாது. அதோடு, 304இல் கேள்வி (ஏலம்) முடிந்தால் கடைசிச் சீட்டுவரை ஆடித்தான் ஆகவேண்டும், நடுவில் கையை வீசும் பழக்கமே இல்லை. அந்த ஐவரும் முட்டாள்களில்லை. வேறொரு ஆட்டத்தின் பழக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி, பலர் பிழையாகப் பிடித்து வைத்திருக்கும் கணக்கு. ஜோடி ஏஸ் ஒரே ஒரு எதிராளியின் ஏதோ ஒரு கையோடு கடைசிவரை போனால் நூற்றில் 85 தடவை வெல்லும். இது எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு பேரென்றால் 73. ஐந்து பேரும் கடைசிவரை நின்றால் 49. ஆடத் தெரியாதவர்கள் நிறைந்த மேசை என்பது சீட்டை வீசாதவர்கள் நிறைந்த மேசை. அங்கே உலகத்தின் மிக நல்ல கைகூடப் பாதிக்கு மேல் தோற்கும். ஆறு பேரில் ஒருவரின் சராசரிப் பங்கு நூற்றில் 17தான் என்பதால், 49 என்பது நீண்ட ஓட்டத்தில் நல்ல இலாபமே. ஆனால் மனசு நீண்ட ஓட்டத்தைப் பார்ப்பதில்லை, அன்றைய இரவைப் பார்க்கிறது.

ஆகவே இப்படிப்பட்ட மேசையில் ஜோடி ஏஸோ ஜோடி ராஜாவோ வந்தால் பதுங்கி ஆடுவது பிழை. அறுபதுக்கு அசையாதவர்களிடம் 120, 150 என்று ஏற்றவேண்டும். ஆள் குறையும், நிற்பவரும் விலை கொடுத்து நிற்பார். பொய்யாக மிரட்டுவது வேண்டாம், வீசாதவரை மிரட்ட முடியாது.  

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்வது ஒன்று: பேசாமல் கூடவே போட்டு வந்தவர் திடீரென்று பெரிதாக ஏற்றினால் அவரை நம்புங்கள். நம் தம்பி இன்னும் 900 போட்டு, நடுவில் சேர்ந்த 3210க்கு ஆடினார். அதற்கு வெல்லும் வாய்ப்பு 28 சதவீதமாவது இருக்கவேண்டும். ஜேக்-ஒன்பதுக்கு எதிராக அவரைக் காப்பாற்றக்கூடிய சீட்டு மிச்சம் 44இல் எட்டு, அதாவது 18 சதவீதம். "ஏஸை எப்படி சேர் வீசுறது?" என்றார். ஜோடி ஏஸ் 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். கையால் கலைத்து ஆடினால் மணித்தியாலத்துக்கு முப்பது கை, ஏழு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். அவ்வளவு காத்திருந்து வந்ததை விட மனம் வராது. எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

அந்தக் கையில் போனது 1410 ரூபாய். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350. அவருடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர்.

ஆனால் அவரை என்னிடம் கொண்டுவந்தது அந்த 1410 இல்லை. அதற்குப் பிறகு அதே இரவில் கூட்டாளியிடம் வாங்கிய ஐயாயிரமும், மறு கிழமை ஃபோனில் தனியாக ஆடத் தொடங்கியதும்தான். மோசமான கையில் தோற்றவர் எழுந்து போய்விடுவார். நல்ல கையில் தோற்றவருக்கோ தனக்கு அநியாயம் நடந்துவிட்டதாக ஒரு எரிச்சல். "எனக்கு வரவேண்டிய காசு" என்று அதைத் துரத்துகிறார். ஃபோனில் சீட்டு கலைக்கும் நேரம்கூட இல்லை, எரிச்சல் ஆறுமுன் அடுத்த கை வந்துவிடும். ஒவ்வொரு குவியலிலிருந்தும் செயலிக்காரர் எடுக்கும் பங்கு வேறு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு, சூதாட்டக் கோளாறைப் போதைப்பொருள் பாவனைக் கோளாறுகளோடு ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. இந்தத் துரத்தலை நேரில் பார்த்தவருக்கு அதில் ஆச்சரியம் இராது.

பணம் வைத்து ஆடினால் சட்டத்தில் மாட்டலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆடாதே என்று மட்டும் சொன்னால் இளைஞர்கள் என் அறைக்கு இரண்டாம் தடவை வருவதில்லை. அதனால்தான் கணக்கைச் சொல்கிறேன். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: பெரிய ஜோடி தோற்ற இரவில் அடுத்த கை வாங்காமல் எழுந்துவிட வேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். கடனை உடனே அடைத்துவிடாதீர்கள், எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறார் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை சொல்லும் தொகை பெரும்பாலும் முழுத் தொகையாக இருப்பதில்லை. அவர் தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். இரவிலும் எடுப்பார்கள்.