பைண்டிங்: ‘கட்டு’ என்ற சொல்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு மலர் அச்சடிக்கக் குடுக்கப் போனால், எத்தனை பக்கம், எத்தனை பிரதி, அட்டை கலரோ என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும்: “பைண்டிங் என்ன மாதிரி?” போனவரும் “வழமையா செய்யிற மாதிரிச் செய்யுங்கோ” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பார். நானும் அப்படிச் சொல்லி வந்தவன்தான். கடைசியில் கேட்கப்படும் அந்தச் சொல்தான் முதலில் பேசப்பட வேண்டியது என்பது, ஒரு மலர் கையிலேயே பிரிந்து வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பைண்டிங் என்பது அச்சான தாள்களை ஒரு பக்கமாகச் சேர்த்து, புரட்டக்கூடிய ஒரே பொருளாக்கும் வேலை. ஆங்கிலத்தில் ‘பைண்ட்’ என்றால் கட்டு, பிணை. அந்தச் சொல்லின் வேரும் வடமொழி ‘பந்த்’ என்பதன் வேரும் ஒன்றே. பந்தம், பந்தனம், சம்பந்தம் எல்லாம் அந்த வழியில் தமிழுக்கு வந்தவை. பாரசீக வழியாக வந்த பந்தோபஸ்திலும் அதே ‘பந்த்’ இருக்கிறது. ஆக, பைண்டிங் நமக்கு முழு அந்நியச் சொல் அல்ல, தூரத்து உறவு.

ஆனால் வேலை நமக்கு அதைவிடப் பழையது. ஓலை ஏடுகளை அளவாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு துளை போட்டு, ஒன்றில் நாராசம் என்ற கம்பியைச் செருகி, மற்றதில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். கயிற்றின் நுனி துளைக்குள்ளால் நழுவிப் போகாமல் ஒரு பனையோலைத் துண்டையோ துளையிட்ட காசையோ முடிந்துவிடுவார்கள். அதன் பெயர் கிளிமூக்கு. ஒரு சின்ன முடிச்சுக்குக்கூடத் தனிப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதை நினைக்க எனக்கு மெய்சிலிர்க்கும். ‘சுவடி’ என்ற பெயருக்கும் ஒத்து நிற்கும் சோடி என்று ஒரு பொருள் உண்டு. ஒரே அளவாய் ஒத்து நிற்பவற்றைச் சேர்த்ததால் அது சுவடி. அச்சகத்தில் ‘பாரம்’ (பல பக்கம் அச்சிட்டு மடித்த தாள்) அடுக்கும் தம்பிமார் இன்றைக்கும் செய்வது அதைத்தான்.

‘நூல்’ என்ற சொல்லையும் விட முடியாது. தைக்கிற நூலுக்கும் வாசிக்கிற நூலுக்கும் ஒரே பெயர். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் நன்னூல் உவமை சொல்கிறது. ‘பொத்தகம்’ என்பதையும், தைத்தல் என்று பொருள்படும் ‘பொத்துதல்’ என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கும் தனித்தமிழ் அறிஞர்கள் உண்டு. வடமொழிப் ‘புஸ்தக’த்திலிருந்து வந்தது என்பதுதான் பரவலான கருத்து. எப்படியிருந்தாலும், தையலும் கட்டும் இல்லாமல் நமக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேச வரவில்லை.

தாளுக்கு வருவோம். நாங்கள் வீட்டில் சொல்வது கடதாசி. அது போர்த்துக்கேயரின் ‘கார்ட்டாஸ்’ வழியாக வந்த சொல். காகிதம் பாரசீகத்தின் ‘காகஸ்’. தாள் மட்டும் நம்முடைய வயலிலேயே நிற்கிறது. காலபோக அரிவி வெட்டு முடிந்த பிறகு வயலில் மிஞ்சி நிற்கும் நெல்லின் அடித்தண்டு தாள்தான். இது வெறும் சொல் ஒற்றுமை இல்லை. கிழக்கே வாழைச்சேனையில் 1950களில் தொடங்கிய காகித ஆலை வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் கூழாக்கித்தான் கடதாசி செய்தது. நெல்லின் தாள் எழுதுகிற தாளாகவே ஆனது. கொப்பியில் ஒரு தாளை நாங்கள் ‘ஒற்றை’ என்போம். “ஒற்றை கிழியாதை” என்று ஏச்சு வாங்காமல் வளர்ந்த பிள்ளை வன்னியில் இல்லை. ஒற்றைகளைக் கட்டினால்தான் கொப்பி.

சரி, பைண்டிங்குக்கு எந்தத் தமிழ்ச் சொல்? பிணைப்பு, கட்டமைப்பு, நூற்கட்டு என்று பல வழங்குகின்றன. பிணைப்பு என்றால் எனக்கு வேதியியல் பாடம்தான் ஞாபகம் வருகிறது. கட்டமைப்பு எதற்கும் பொருந்தும் என்பதால் எதற்கும் இறுகப் பொருந்தாது. நூற்கட்டு நல்ல சொல். அதிலும் ‘கட்டு’ என்ற பகுதியே போதும் என்பது என் எண்ணம். எங்களூர் முதியவர்கள் “புத்தகம் கட்டக் குடுத்திருக்கு” என்றுதான் சொல்வார்கள். கட்டுரை என்ற சொல்லில் உரையைக் கட்டி வைத்திருக்கிறோம். வைக்கோலும் விறகும் கட்டுகளாக வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களுக்குக் குளக்கட்டு இருக்கிறது. இரணைமடுக் கட்டில் ஏறி நின்றவருக்குக் கட்டு என்றால் என்னவென்று அகராதி தேவையில்லை. தண்ணீர் எவ்வளவு, அது எந்தப் பக்கம் தள்ளும் என்று பார்த்துத்தான் கட்டின் அகலமும் உயரமும். கட்டைத் தனியாகவும் தண்ணீரைத் தனியாகவும் யாரும் கணக்குப் போடுவதில்லை.

புத்தகத்தில் அந்தத் தண்ணீர் தாள். இதை எனக்குப் படிப்பித்தது ஒரு பாடசாலையின் ஆண்டு மலர். ஏ4 அளவில் 120 பக்கம். படங்கள் பளிச்சென்று வர வேண்டும் என்று உள்ளே முழுக்க 130 கிராம் ஆர்ட் தாள் கேட்டோம். கட்டு பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பசை போட்டு ஒட்டி வந்தது. வெளியீட்டு நாளில் மேசையில் அடுக்கியபோது வடிவாகத்தான் இருந்தது. மாரி முடிவதற்குள் ரீச்சர் ஒருவர் என்னிடம் மலரை நீட்டினார்: “தம்பி, ஒற்றை ஒற்றையாக் கழண்டு வருது, பாருங்கோ.” அதிபரின் செய்தி அவர் கையில் தனியாக இருந்தது. பிள்ளைகளின் கவிதைப் பக்கங்கள் முதுகிலிருந்து பாதி விட்டிருந்தன. அந்தப் பிள்ளைகள் முதன்முதலாகத் தங்கள் பெயரை அச்சில் பார்த்த பக்கங்கள் அவை. அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

காரணத்தைப் பிறகு தேடிப் பார்த்தேன். கிராம் என்பது ஒரு சதுர மீற்றர் தாளின் எடை. தடிப்பு அல்ல. ஆர்ட் தாளின் மேல் களிமண், சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பூச்சு இருக்கிறது. அழுத்தி வழுவழுப்பாக்கிய தாள் அது. அதனால் 130 கிராம் ஆர்ட் தாளும் 80 கிராம் சாதாரணத் தாளும் தடிப்பில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எங்கள் மலரின் 60 ஒற்றைகள் சாதாரணத் தாளில் 300 கிராம் நிறுக்கும், ஆர்ட் தாளில் 490 கிராம் அளவுக்கு வரும். அதே அகல முதுகில் ஒன்றரை மடங்குக்கு மேல் எடை. அதோடு, பசை பிடிப்பது தாளின் நாரில். மேற்பூச்சு பசையை நாருக்குள் இறங்க விடாது. முதுகை நன்றாகச் சுரண்டி நாரை வெளியே எடுக்காமல் ஒட்டினால், பூச்சோடு பூச்சுத்தான் ஒட்டும். சூடாக்கி ஊற்றும் அந்தப் பசை வெயிலில் தளர்ந்து, பழசானால் காய்ந்து வெடிக்கும். தகரக் கூரைக்குக் கீழே சோளகக் காற்றுக் காலம் முழுக்கக் காய்ந்து, ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடிக்கும் எங்கள் அலுமாரிகளில் அது எத்தனை காலம் தாங்கும்?

இன்னொரு விஷயம் யாருமே கேட்பதில்லை: தாளின் நார் ஓடும் திசை. ஆங்கிலத்தில் அதை ‘கிரெயின்’ என்கிறார்கள். நான் நாரோட்டம் என்று எழுதுகிறேன். ஆலையில் கூழ் ஓடும் வலைமேல் விழும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படிந்துவிடும். பத்திரிகையை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாகப் போகும். அதுதான் நாரோட்டம். தாள் நாரின் திசையில் சுலபமாக மடியும். ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்காகத்தான் கூட விரியும். எனவே நாரோட்டம் புத்தக முதுகுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். குறுக்கே வைத்துக் கட்டினால், மாரியில் தாள் மேலும் கீழுமாக விரியப் பார்க்கும், முதுகு விடாது, பக்கங்கள் அலை அலையாக நெளியும். புத்தகமும் விரித்த இடத்தில் கிடக்காமல் தானாகவே மூடிக்கொள்ளும். ஓலையில் எழுதியவர்களுக்கு இதில் குழப்பம் இருந்திருக்காது. பனையோலையின் நரம்பு நீளவாட்டில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அதன் வழியேதான் நறுக்குவார்கள், வரிகளும் அதன் வழியேதான்.

கட்டின் வகைகளுக்கும் பெயர் சொல்லிவிடலாம். நடுவில் மடித்துக் கம்பி அடிக்கும் ‘சென்டர் பின்’ கம்பிக்கட்டு. ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம் என்பதால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வேண்டும். அறுபது, எழுபது பக்கத்துக்கு மேல் போனால் உள்ளே இருக்கும் பக்கங்கள் வெளியே தள்ளும். ஒட்டுவது பசைக்கட்டு. பதினாறு பக்கப் பாரங்களாக மடித்து, மடிப்புக்குள்ளால் ஊசி ஏற்றித் தைப்பது தையற்கட்டு. அதற்குமேல் தடித்த மட்டை போட்டால் மட்டைக்கட்டு. பழைய கட்டுநர்கள் கோதுமை மாப் பசைக்குள் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. கறையான் உள்ள மண்ணில் அது பெரிய வித்தை. தைத்துத் தடித்த மட்டை போட்ட சீஆர் கொப்பியையும் சாதாரணக் கொப்பியையும் பக்கத்தில் வைத்து ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள், தையலும் மட்டையும் என்ன செய்யும் என்று தெரியும்.

கம்பிக்கட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். அந்தியேட்டியன்று குடுக்கும் கல்வெட்டுக்கு அதுவே பொருத்தம். (பிற இடத்தவருக்கு: கல்வெட்டு என்பது எங்களிடம் இறந்தவர் நினைவாக 31ஆம் நாள் குடுக்கும் சிறு நூல். கல்லில் வெட்டியது போல நிலைக்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.) 32 பக்கம், 40 பக்கம், விரித்தால் தட்டையாகக் கிடக்கும், சிவபுராணத்தைக் கூட்டமாகப் படிக்கும்போது கையால் அமர்த்திப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் பளபளக்கும் ஆர்ட் தாளை அங்கேயும் கேட்கிறோம். விளக்கு வெளிச்சம் தாளில் தெறித்துக் கண்ணில் அடிக்க, மூக்குக் கண்ணாடி போட்ட அம்மம்மா தாளைச் சரித்துச் சரித்துத் தேவாரம் தேடுவார். படம் வரும் நாலு பக்கத்துக்கு ஆர்ட் தாளும், பாடல்களுக்கு மங்கல் வெள்ளைச் சாதாரணத் தாளும் போட்டால், வாசிக்கவும் இதம், செலவும் குறையும். கம்பி மட்டும் துருப்பிடிக்காததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2022இல் நாட்டில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அவ்வளவு அருமையான பொருளை வாங்கி, ஒரு மாரிக்குள் உதிரவிடுவதற்கு எனக்கு மனமில்லை.

அடுத்த மலர் வேலை வந்தபோது கட்டிலிருந்தே தொடங்கினோம். தையற்கட்டு என்றால் பாரம் பதினாறு, ஆகவே 128 பக்கம். கூடின எட்டுப் பக்கத்தைப் பிள்ளைகளின் ஆக்கங்களுக்கே குடுத்தோம். இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே போகும் குழுப்படத்தை, முகங்கள் முதுகுக்குள் புதையாமல், ஒரு பாரத்தின் நட்ட நடுப்பக்கத்துக்கு மாற்றினோம். பிறகு துண்டில் எழுதிக் குடுத்தேன்: ‘80 கிராம் மங்கல் வெள்ளை. நாரோட்டம் முதுகோடு. தையற்கட்டு.’ அச்சகத்துத் தம்பி மூன்றையும் வாய்விட்டு வாசித்தார். நான் விளக்கத் தயாராக நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நூல் வெள்ளையோ, அண்ணை?”