‘ரிவ்யூ’ போடலாமா? மறு ஆய்வு, சீராய்வு, மேல்முறையீடு: ஒரு சொல் விளக்கம்

“அவார்டு ஆயிருச்சு சார். தொகை ரொம்பக் கம்மி. இதே ஆபீஸ்ல ஒரு ரிவ்யூ போட்டுப் பார்க்கலாமா?”

வேலையிடத்து விபத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்குகள் நடக்கும் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலக வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் கம்பு ஊன்றி வந்திருப்பார், அல்லது கணவனைப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். பதில் பெரும்பாலும் ‘முடியாது’ என்பதுதான். ஏன் முடியாது என்பது ‘ரிவ்யூ’ என்கிற அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் அதை ஒருவர் மறு ஆய்வு என்கிறார், ஒருவர் சீராய்வு என்கிறார், இன்னொருவர் மறுபரிசீலனை என்கிறார். இலங்கையில் மீளாய்வு. நான்கும் ஒன்றா?

அதற்கு முன் ‘அவார்டு’. இணையத்தில் இயந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்தால் ‘தொழிலாளர் இழப்பீட்டு விருது’ என்று வந்து நிற்கிறது. கால் போனவருக்கு விருதாம். விருது பட்டத்துக்கும் பரிசுக்கும் உரிய சொல். இங்கே அதற்கு வேலை இல்லை. ஆங்கில ‘அவார்டு’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் அடியில் ‘உற்றுப் பார்த்தல், காத்தல்’ என்ற பொருளுள்ள வேர் கிடக்கிறது. ‘கார்டு’, ‘வார்டன்’ எல்லாம் அதே குடும்பம். ஒரு தகராறை உற்றுப் பார்த்து நடுவர் சொல்லும் முடிவுதான் அவார்டு. பரிசு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

இழப்பீட்டு வழக்குக்குள் இந்தச் சொல் நுழைந்ததற்குக் காரணம் உண்டு. 1897-இல் பிரிட்டனில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தத் தகராறுகளை முழு வழக்காக நடத்தாமல், நடுவர் தீர்ப்பு முறையில் முடிக்கச் சொன்னது. நடுவர் சொன்னால் அவார்டு. அதைப் பார்த்து எழுதிய நமது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முடிவைச் சொல்பவர் ஆணையர். அவர் பிறப்பிப்பது ஆணை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 1924-ஆம் ஆண்டு விதிகளோ அதைத் தீர்ப்பு என்கின்றன. சட்டத்துக்கு ஆணை, விதிக்குத் தீர்ப்பு, வக்கீலுக்கு அவார்டு! மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் புழங்கும் பேச்சு இங்கும் ஒட்டிக்கொண்டதும் ஒரு காரணம். நிலமெடுப்பு ஆவணங்களில் அவார்டைத் ‘தீர்வம்’ என்றும் ‘தீர்வாணை’ என்றும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வழக்குகளுக்கு ‘இழப்பீட்டு ஆணை’ போதும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது, கேட்பவருக்கும் புரிகிறது.

இழப்பீடு என்பதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இழப்பு, ஈடு. ஈடு என்றால் சமம், நிகர். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘ஒன்றோடு ஒன்று வைத்து நிறுத்தல்’ என்று பொருள். அங்கே தராசு, இங்கே நிகர்; இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. பழைய பெயரான நட்டஈடு இலங்கையில் இன்றும் சட்டச் சொல்லாக நிற்கிறது. ஆனால் ‘நிவாரணம்’ என்று எழுதுவது தவறு. நிவாரணம் அரசு இரங்கிக் கொடுப்பது. இழப்பீடு முதலாளி கொடுத்தே தீரவேண்டிய கடன்.

சட்டத்தின் பெயரைப் பற்றி இன்னொன்று. 2009-இல் திருத்தி, 2010 ஜனவரி 18 முதல் ‘ஒர்க்மென்’ என்பதை ‘எம்ப்ளாயி’ என்று மாற்றினார்கள். ஆண்பால் வாடை போகவேண்டும் என்பதும் அதற்கொரு காரணம். ‘தொழிலாளர்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு அந்த வாடை முதலிலிருந்தே கிடையாது. ஆனாலும் ஆங்கிலத்தைப் பின்தொடர்ந்து நாமும் ‘பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்’ என்று மாற்றிக்கொண்டோம்.

அடுத்து ‘ஜூரிஸ்டிக்ஷன்’. லத்தீனில் ‘சட்டத்தைச் சொல்லுதல்’. யார் வாயால் சொன்னால் அது சட்டம் ஆகுமோ, அவருக்கு உள்ளது அது. தமிழ்நாட்டில் அதிகார வரம்பு என்கிறோம்; இலங்கைத் தமிழில் நியாயாதிக்கம். மூலப் பொருளுக்கு நெருக்கம் நியாயாதிக்கம்தான். ஆனால் வரம்பு என்பதில் ஓர் அழகு இருக்கிறது. வயலின் வரப்பும் இந்த வரம்பும் ஒன்றே. வரப்புக்கு இந்தப் பக்கம் என் நீர், அந்தப் பக்கம் உன் நீர். எது வரை என்பதே ஜூரிஸ்டிக்ஷன் வழக்குகளில் எப்போதும் எழும் கேள்வி என்பதால், என் ஓட்டு வரம்புக்கே.

இந்த வரப்பை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 19-ஆம் பிரிவில் வெட்டியிருக்கிறது. (2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது, அதைக் கடைசியில் சொல்கிறேன். இங்கே வரும் பிரிவு எண்களும் விதி எண்களும் பழைய சட்டத்தவை.) இழப்பீடு தரவேண்டியவரா இல்லையா, அடிபட்டவர் தொழிலாளியா இல்லையா, ஊனம் எவ்வளவு, தொகை எவ்வளவு என்பவற்றை ஆணையர் தீர்ப்பார். ஆணையர் தீர்க்கவேண்டியதை எந்த உரிமையியல் நீதிமன்றமும் தொடக்கூடாது. தமிழ்நாட்டில் அந்த நாற்காலியில் தொழிலாளர் துறையின் துணை ஆணையரோ இணை ஆணையரோ உட்காருகிறார். சாட்சியைச் சத்தியம் செய்யவைத்து விசாரிக்க, ஆவணத்தை வரவழைக்க அவருக்கு நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அதனாலேயே எல்லோரும் அதை ‘லேபர் கோர்ட்டு’ என்று சொல்லிவிடுகிறார்கள். நிஜ லேபர் கோர்ட்டு வேறு, தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் வந்தது. தவறான படியேறி மாதங்களைத் தொலைப்பதற்கு இந்தப் பேச்சுவழக்கும் ஒரு காரணம்.

இனி ரிவ்யூ. பிரெஞ்சு வழியாக வந்த ஆங்கிலச் சொல். ‘மறுபடி பார்’ என்பதே பொருள். நம் ‘ஆய்வு’ இன்னும் கூர்மையானது. கீரை ஆய்கிறோம், பூ ஆய்கிறோம். நல்லது ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம். மறு ஆய்வு என்றால் ஏற்கெனவே ஆய்ந்த கீரையை அதே கை இன்னொரு முறை ஆய்வது. ‘அதே கை’ என்பதுதான் இதில் உயிர்.

வேறொரு கை எடுத்துப் பார்த்தால் அதற்கு வேறு பெயர்கள். மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் பதிவேட்டை வரவழைத்து, அதிகார வரம்பு மீறப்பட்டதா என்று பார்த்துச் சீர்படுத்துவது சீராய்வு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அதுதான்; வக்கீல்கள் ‘சி.ஆர்.பி.’ (சிவில் ரிவிஷன் பெட்டிஷன்) என்பார்கள். ஆங்கிலத்தில் அது ரிவிஷன், ரிவ்யூ அல்ல. தோற்றவர் உரிமையோடு மேலே கொண்டுபோவது மேல்முறையீடு. ஆனால் நாளிதழ்கள் உச்ச நீதிமன்ற ரிவ்யூ மனுவை ஒரு நாள் ‘மறு ஆய்வு மனு’ என்றும் மறுநாள் ‘சீராய்வு மனு’ என்றும் போடுகின்றன. அரசியலமைப்பின் 137-ஆவது உறுப்பு சொல்வது அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே பார்ப்பதை. அதைச் சீராய்வு என்றால், 115-ஆம் பிரிவுக்கு எந்தச் சொல்லைக் கொடுப்பது? இலங்கை வழக்கில் ரிவிஷனுக்கும் மீளாய்வு என்ற சொல் புழங்குவதால் அங்கேயும் இந்தக் குழப்பம் தீரவில்லை.

மறுபரிசீலனை தப்பில்லை, அலுவலக நெடி கொஞ்சம் அதிகம். பொதுப் பேச்சில் இருக்கட்டும்.

இப்போது வராந்தாக் கேள்விக்கு வருவோம். தான் பிறப்பித்த ஆணையை ஆணையர் மறு ஆய்வு செய்யலாமா? மறு ஆய்வு அதிகாரம் யாருக்கும் பிறவியிலேயே வாய்ப்பதல்ல, சட்டம் நேராகவோ குறிப்பாகவோ கொடுத்திருக்கவேண்டும் என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இழப்பீட்டுச் சட்டம் அதைக் கொடுத்திருக்கிறது, 6-ஆம் பிரிவில். பிரிவின் தலைப்பே ரிவ்யூ. ஆனால் எதை மறு ஆய்வு செய்யலாம் என்று படித்தால் ‘அரைமாதத் தொகை’ என்று இருக்கிறது. அதைத் தவிர வேறெதுவும் இல்லை.

அரைமாதத் தொகை என்பது தற்காலிக ஊனத்துக்கு உரியது. எலும்பு முறிந்து வேலைக்குப் போக முடியாதவருக்கு, மாதக் கூலியில் 25 சதவீதத்தை அரை மாதத்துக்கு ஒரு தடவை முதலாளி கொடுத்துவரவேண்டும். அதிகபட்சம் 5 ஆண்டு. பிரிட்டிஷ் சட்டத்தில் இது வாரத் தொகை. வாரமோ அரை மாதமோ, தர்க்கம் ஒன்றே. ஆறிக்கொண்டிருக்கும் உடம்புக்கு இன்று போட்ட கணக்கு ஆறு மாதம் கழித்துப் பொருந்தாது. ஆகவே மருத்துவச் சான்றோடு தொழிலாளியோ முதலாளியோ ஆணையரிடம் வரலாம். தொகை தொடரலாம், கூடலாம், குறையலாம், நின்றும் போகலாம். ஊனம் நிரந்தரம் என்று தெரிந்தால் மொத்தத் தொகையாக மாறும், அதுவரை வாங்கியது கழியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்ட்ரிங் வேலையில் சாரம் சரிந்து விழுந்த 40 வயதுக்காரர், மாதக் கூலி 12,000 ரூபாய். அரை மாதத்துக்கு 3,000 வீதம் எட்டுத் தவணை வாங்கிவிட்டார், 24,000. பிறகு மூட்டு மடங்கவே இல்லை, சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நிரந்தரமாகப் போனது என்று முடிவாகிறது. கூலியில் 60 சதவீதம் 7,200. அதைச் சட்டத்தின் அட்டவணை அவர் வயதுக்குத் தரும் பெருக்கு எண்ணான 184.17-ஆல் பெருக்கினால் 13,26,024. அதில் 30 சதவீதம் 3,97,807. வாங்கிய 24,000 போக, கைக்கு வருவது 3,73,807. இவர் போட்டதுதான் சட்டம் சொல்லும் ரிவ்யூ. முதல் ஆணையில் பிழை என்று அவர் சொல்லவில்லை. உடம்பு மாறிவிட்டது என்கிறார், அவ்வளவே.

மருத்துவச் சான்று இல்லாமலும் சில வாசல்கள் உண்டு. 1924 விதிகளின் 3-ஆம் விதி அவற்றைச் சொல்கிறது: கூலி ஏறிவிட்டது என்று முதலாளி வரலாம், இறங்கிவிட்டது என்று தொழிலாளி வரலாம். நிலைமை மாறாதபோதே முதலாளி பணத்தை நிறுத்திவிட்டார் என்று வரலாம். மோசடியாலோ மிரட்டி வசப்படுத்தியோ தொகை முடிவானது, அல்லது பதிவேட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் பிழை என்று இருவரில் எவரும் வரலாம். இவையும் அரைமாதத் தொகைக்கே.

மொத்தத் தொகையாக ஆணை வந்துவிட்டால்? 6-ஆம் பிரிவின் கதவு அதற்குத் திறக்காது. படித்துச் சொன்ன தீர்ப்பில் எழுத்துப் பிழை, கூட்டல் பிழை தவிர எதையும் திருத்தக்கூடாது என்று 32-ஆம் விதி கையைக் கட்டிப்போடுகிறது. ஒரு தரப்பு வராமலே போன எக்ஸ்பார்ட்டி ஆணையை நீக்கக் கேட்பது வேறு. அது நடைமுறை சார்ந்தது, தொகை சரியா தவறா என்ற பேச்சே அதில் கிடையாது. ‘கம்மியா இருக்கு’ என்பதற்கு ஒரே வழி 30-ஆம் பிரிவு, உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. வக்கீல் பேச்சில் ‘சி.எம்.ஏ.’ (சிவில் மிஸலேனியஸ் அப்பீல்). கெடு 60 நாள். அங்கும் சட்டம் சார்ந்த முக்கியமான கேள்வி ஒன்று எழவேண்டும். சாட்சியை முதலிலிருந்து எடைபோடச் சொல்ல முடியாது. தகராறில் உள்ள தொகை குறைந்தது 300 ரூபாயாக இருக்கவேண்டும் என்ற பழைய வரம்பை 2017-இல் 10,000 ஆக்கினார்கள். முதலாளி மேல்முறையீடு செய்தால் தொகை முழுவதையும் முன்கூட்டியே கட்டிவிட்டு வரவேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான்.

30-ஆம் பிரிவின் பட்டியலில் ஒன்றைக் கவனிக்கலாம். மொத்தத் தொகை ஆணை இருக்கிறது, வட்டியும் அபராதமும் இருக்கின்றன, அரைமாதத் தொகையை மொத்தமாக மாற்ற மறுத்த ஆணையும் இருக்கிறது. அரைமாதத் தொகையைக் கூட்டியோ குறைத்தோ போட்ட ஆணை மட்டும் இல்லை. மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. திரும்பவும் அதே கையிடம் போகக்கூடியதற்கு மேல்முறையீடு எதற்கு என்று விட்டிருக்கவேண்டும். மறு ஆய்வு உள்ள இடத்தில் மேல்முறையீடு இல்லை, மேல்முறையீடு உள்ள இடத்தில் மறு ஆய்வு இல்லை. இரண்டு சொற்களையும் குழப்பினால் வழி தவறிப்போவது இதனால்தான்.

இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணுக்கு ஒரு வாசல் தனியாக இருக்கிறது. இறந்தவரின் இழப்பீட்டை வாரிசுகளுக்குப் பங்கிட்ட ஆணையை ஆணையர் பின்னால் மாற்றலாம் என்கிறது 8-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவு. பெற்றவரே பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டாலோ, சார்ந்திருப்பவரின் நிலைமை மாறினாலோ, வேறு தக்க காரணம் இருந்தாலோ பங்கு மாறும். அதனால் பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது. ஆள்மாறாட்டம் செய்து வாங்கியிருந்தால் பணத்தைத் திரும்பவும் வாங்கலாம். இதற்குச் சட்டம் ரிவ்யூ என்று பெயரிடவில்லை, ‘வேரியேஷன்’ என்கிறது. தமிழில் ‘மாற்றியமைத்தல்’ என்று எழுதினால் போதும், மறு ஆய்வு என்று எழுதக்கூடாது. மொத்தத் தொகை எவ்வளவு என்பதை இது தொடாது, யாருக்கு எவ்வளவு என்பதை மட்டுமே தொடும்.

2025 நவம்பர் 21 முதல் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. அதில் இழப்பீட்டு அத்தியாயத்தில் ‘ஆணையர்’ போய், ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ வந்திருக்கிறார். ரிவ்யூ பிரிவு புது எண்ணோடு குடிபுகுந்திருக்கிறது. அது பேசுவது இப்போதும் அரைமாதத் தொகையைத்தான்.