துருவம் ஓடுமா?

"வட துருவம் சைபீரியாவை நோக்கி ஓடுகிறது!" என்று ஒரு காணொளிக் குரல் பதறுவதை இந்த மாதம் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா மகள், "அப்போ பனிக்கரடி எல்லாம் என்ன பண்ணும் மாமா?" என்றாள். கரடிக்கு ஒன்றும் ஆகாது. ஓடுவது காந்த முனை, அதாவது திசைகாட்டி ஊசி ஏறத்தாழ நோக்கும் இடம். துருவம், சில மீட்டர் தள்ளாட்டத்தை விட்டால், இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

துருவம் வடமொழிச் சொல். நிலையானது, அசையாதது என்று பொருள். துருவ நட்சத்திரமும் அப்படி வந்த பெயர்தான். பூமியின் அச்சு தரையைத் தொடும் இரண்டு இடங்களுக்கு அந்தப் பெயர் சரி. காந்தத்துக்கு எப்படி வந்தது? 1269இல் காந்தக்கல்லைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறிஞர் பெட்ரஸ் பெரெக்ரினஸ், காந்த ஊசி வானத்தின் துருவங்களைப் பார்க்கிறது என்று நம்பி, அதே பெயரைக் கல்லின் இரு நுனிகளுக்கும் வைத்துவிட்டார்.

பூமியின் காந்த முனையோ நிற்கிற சாதியே அல்ல. 1831இல் பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வடக்கே உள்ளதைக் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்டார். 1904இல் நார்வே நாட்டுப் பயணி அமுண்ட்சென் அளந்தபோது அது நகர்ந்திருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் ஓடியது. தெற்கே உள்ளது அண்டார்டிகாவின் கரையையும் தாண்டிக் கடலுக்குள் கிடக்கிறது; தென் துருவத்திலிருந்து 2,500 கிலோமீட்டருக்கும் மேல். இதற்குப் போய் 'அசையாதது' என்று பெயரா?

உடனே தனித்தமிழ் நண்பர்கள், "அதனால்தான் சொல்கிறோம், எல்லாவற்றுக்கும் முனை என்றே வையுங்கள்" என்பார்கள். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. தென்முனை என்றால் நம் ஊரில் கன்னியாகுமரி. அண்டார்டிகாவின் நடுவே இருக்கும் இடத்துக்கும் அதே சொல் என்றால் யாருக்கு விளங்கும்? துருவக்கரடியை முனைக்கரடி ஆக்குவார்களா? இலங்கைப் பாடநூல்களில் வரும் முனைவு எனக்குப் பிடித்த சொல். முனைவாக்கம் (polarization) என்று அழகாக வளரும். இங்கே சொன்னால் முனைவர் பட்டமா என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் பகை வேண்டாம் என்று 'துருவமுனை' எழுதுகிறவர்களை என்ன சொல்வது? நடுசென்டர் மாதிரி இருக்கிறது.

அச்சுக்குத் துருவம், காந்தத்துக்கு முனை. இப்படிப் பிரித்தால் இன்னொரு சிக்கலும் தீரும். ஊசியின் வடமுனையை இழுப்பதால் பூமியின் வடக்கே இருப்பது, காந்தக் கணக்கில், தென்முனை. ஊசியில் இருப்பதை 'வடக்கு நோக்கும் முனை' என்று நாலெழுத்து கூட்டி எழுதினால் பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு அந்தப் பொறுமை எங்கே? போன வாரம் ஒரு வனவிலங்கு நிகழ்ச்சியில், செவுளும் வாலுமாக நீந்திய தலைப்பிரட்டையைத் 'தவளைக் குஞ்சு' என்றார்கள். குளக்கரைப் பையனிடம் கேட்டிருக்கலாம். தலைப்பிரட்டையின் ஆங்கிலப் பெயரான டாட்போல் (tadpole) என்பதிலும், துருவத்தைக் குறிக்கும் pole போலவே, ஒரு 'போல்' உண்டு. அது துருவமும் இல்லை, கம்பமும் இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் தேரையும் தலையும் சேர்ந்த சொல் அது. அவர்களும் அந்தத் தலையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.